மூன்று பிறந்த தேதிகள்: பிறப்பு, இறப்புப் பதிவேடுகளின் கதை

என் பெரியப்பாவுக்கு மூன்று பிறந்த தேதிகள் உண்டு. ஜாதகத்தின்படி பவ வருஷம் மாசி மாதம், வெள்ளிக்கிழமை இரவு. அவருடைய தாயார் பிறந்த ஊரின் நகராட்சிப் பதிவேட்டின்படி 23-2-1935. பள்ளிக்கூட சர்டிபிகேட்டின்படி 1-6-1934. இந்த மூன்றில் சுத்தமாகத் தப்பானது கடைசித் தேதிதான். ஆனால் அவருக்கு உத்தியோகம் கொடுத்ததும், 58 வயதில் வீட்டுக்கு அனுப்பியதும் அந்தத் தேதிதான். ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தின மாதக் கடைசியிலேயே ஓய்வு பெற வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டதால் 31-5-1992 அன்று மாலையோடு வெளியே வந்தார். உண்மையில் 1993 பிப்ரவரி வரை அவருக்கு சர்வீஸ் இருந்திருக்க வேண்டும். ஒன்பது மாதச் சம்பளம் போயிற்று. 1995-ல் சஷ்டியப்தபூர்த்திக்கு வந்திருந்த பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர், "கணக்குப்படி போன வருஷமே ஆகியிருக்க வேண்டுமே!" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். பெரியப்பா சிரித்து மழுப்பினார்.

நமது அங்கத்தினர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் பலருடைய வீட்டிலும் இந்த மாதிரி ஒரு கதை இருக்கும். பெயரில் பிழை, தகப்பனார் பெயரில் பிழை, தேதியில் பிழை, ஊரில் பிழை. "குமாஸ்தா கவனக்குறைவு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இந்தப் பிழைகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், குமாஸ்தாவின் பங்கு சிறியதுதான் என்று தோன்றுகிறது. அந்தப் பதிவேடுகளை ஏற்படுத்தியவர்கள், அதிலிருந்து ஒருநாள் நமக்கு ஒரு சர்டிபிகேட் தர வேண்டியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

இங்கே பதிவு ஆரம்பித்தது சுகாதாரக் கணக்குக்காக. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சண்டையில் செத்ததைவிட காலராவிலும் காய்ச்சலிலும் செத்தது அதிகம் என்பதால் 1859-ல் ஒரு ராயல் கமிஷன் நியமித்தார்கள். அதன் அறிக்கை 1863-ல் வந்தது. அடுத்த வருஷமே கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. சிப்பாயைக் காப்பாற்ற வேண்டுமானால் பக்கத்து பஜாரில் எத்தனை பேர் எந்த நோயில் சாகிறார்கள் என்று தெரிய வேண்டுமே! ஆகவே சாவு எண்ணிக்கை வேண்டியிருந்தது. செத்தவர் யார், அவர் பிள்ளை யார் என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

எண்ணியவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். வட இந்தியாவில் கிராமத்துச் சௌகிதார் ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். அவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது; கிராமத்தில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள், அல்லது ஸ்டேஷனில் வாயால் சொல்வார். பம்பாய் மாகாணத்தில் கிராம அதிகாரிகள். நம் சென்னை மாகாணத்தில் 1899-ம் வருஷத்து பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் கிராமத் தலைவர், அதாவது நாம் கிராம முன்சீப் என்று சொல்வோமே, அவர் ரிஜிஸ்தரை வைத்திருந்தார். நகரங்களில் முனிசிபாலிடி. வரிவசூல், ஆடுமாடு பட்டிச் சண்டை, அதிகாரிகள் முகாம் இவற்றுக்கு நடுவில் அவர் ஞாபகத்திலிருந்து எழுதிய புத்தகம்தான் நம் தாத்தா பாட்டிகளுக்கு இருக்கும் ஒரே அரசாங்க சாட்சி. அந்தப் பரம்பரைக் கிராம உத்தியோகங்களை 1980-ல் தமிழ்நாடு அரசு ஒழித்தபோது பதிவு வேலை கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது.

சாவுக்கான காரணம் எழுதும் கலத்தில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், மற்றவை என்று சில தலைப்புகள்தான். சந்தேகம் வந்தால் "காய்ச்சல்" என்று போட்டுவிடுவது வழக்கம். 1918-ல் இன்புளுயன்ஸா வந்தபோது இந்த ஏற்பாடு தடுமாறிவிட்டது. அந்தச் சாவுகளில் பெரும்பகுதி "காய்ச்சல்" கணக்கில் போய் விழுந்தது. எழுத வேண்டியவர்களே படுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு நோயில் இந்தியாவில் மாண்டவர்கள் 1.2 கோடியா 2 கோடியா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மதிப்பீடுதான் செய்கிறார்கள்.

இதற்கிடையில் 1886-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அது தானாக முன்வந்து பதிவு செய்துகொள்கிறவர்களுக்கானது. முக்கியமாகக் கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர்கள் முதலானோருக்கு. வாரிசுரிமைக்குப் பிறப்புச் சான்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. பொதுவாக ஹிந்துக்களுக்கு அதில் இடமில்லை. இருந்தாலும் இன்று நமக்குச் சொந்தமான ஒரு விதி அங்கேயே இருக்கிறது. பதிவில் பிழை என்று நிரூபணமானால், மூலப் பதிவைச் சிறிதும் மாற்றாமல், பக்கத்து மார்ஜினில் திருத்தத்தை எழுதி, ரிஜிஸ்திரார் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது அந்த விதி. அடிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, மேலே எழுதக்கூடாது. தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும். நமது வேத பாடசாலைகளில் ஒரு அக்ஷரம் தவறினாலும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். சர்க்கார் வழக்கம் நேர் எதிர்.

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1946-ல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டி, நாட்டின் பிறப்பு இறப்புக் கணக்குகளின் லட்சணத்தைக் கடுமையாகவே விமர்சித்தது. மாகாணத்துக்கு ஒரு சட்டம், சமஸ்தானத்துக்கு ஒரு வழக்கம் என்றிருந்த நிலை மாறி, நாடு முழுவதற்கும் ஒரே கட்டாயப் பதிவுச் சட்டம் வர 1969 ஆயிற்று. பெரும்பாலான மாநிலங்களில் 1-4-1970 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த நம்மவர்கள் எல்லாரும் பழைய ஏற்பாட்டின் குழந்தைகள்.

இப்போது நம் வீட்டுப் பிழைகளுக்கு வருகிறேன். இவற்றில் பல நாமே செய்துகொண்டவை.

முதலாவது, பெயர் இல்லாமை. குழந்தை பிறந்தால் பதினோராம் நாள் புண்யாஹவாசனத்தில்தான் பெயர். அதற்குள் முனிசிபாலிடி ஆள் வந்து கேட்டுக்கொண்டு போய்விடுவார். பெயர்க் கலம் காலி. "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். பிறகு போய்ப் பெயரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. சேர்த்தாலும் எந்தப் பெயர்? தாத்தா பெயரை வைத்துவிட்டு, மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதே என்று மருமகள் "அம்பி" என்றும் "ராஜு" என்றும் கூப்பிட, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன மாமா அந்த அம்பியையே எழுதிவிட்டு வந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இரண்டாவது, ஊர். தலைப்பிரசவம் தாய்வீட்டில். சட்டப்படி பிறப்பும் இறப்பும் சம்பவித்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் இடத்தில் அல்ல. தகப்பனார் பம்பாயிலோ கல்கத்தாவிலோ உத்தியோகத்தில் இருந்தாலும் பதிவேடு காவிரிக் கரையிலோ பாலக்காட்டுப் பக்கமோ இருக்கும். இதை அறியாமல் டில்லி ஆபீஸிலும் நாகபுரி ஆபீஸிலும் தேடி அலைந்து, "ரிக்கார்டு இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் ஏராளம்.

மூன்றாவது, தேதி. நமக்கு நாள் என்பது சூரியோதயத்திலிருந்து அடுத்த சூரியோதயம் வரை. பெரியப்பா பிறந்தது இரவு இரண்டரை மணிக்கு. ஜோஸ்யருக்கு அது வெள்ளிக்கிழமை. முனிசிபாலிடி கடிகாரத்துக்கு சனிக்கிழமை, 23-ம் தேதி. இரண்டு பேரும் சரி. ஒருநாள் வித்தியாசம் உள்ள பெரும்பாலான கேஸ்கள் இப்படிப்பட்டவையே. அதைவிட விபரீதம் வருஷக் கணக்கு. பவ வருஷம் என்றால் 1934 என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். அந்த வருஷம் சித்திரையில் பிறந்து பங்குனியில் முடிவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் 1935-ல் விழும் என்பதை மறந்துவிடுவார்கள். பெரியப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் ஜாதகத்தில் "பவ" என்று பார்த்தார், 1934 என்று எழுதினார். பிறகு ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்துக்கு வயது சரியாக இருக்கட்டும் என்று ஒன்றாம் தேதி ஜூன் போட்டார். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களைப் புரட்டினால் தேசத்தில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாகத் தோன்றும்!

இந்த மூன்று ஆவணங்களும் முட்டிக்கொண்டால் எது ஜெயிக்கும்? சுப்ரீம் கோர்ட் பல தடவை இதைப் பார்த்திருக்கிறது. 1988-ல் பிரத்மல் சிங்வி வழக்கில், யார் சொன்ன தகவலின் பேரில் எழுதினார்கள் என்று தெரியாத பள்ளிக்கூடப் பதிவுக்கு அதிக மதிப்பில்லை என்றது. 2005-ல் பஞ்சாப் அரசு வழக்கு ஒன்றில், வயதை நிரூபிக்க ஜாதகம் மிகவும் பலவீனமான சாட்சியம் என்றது. நமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனாலும் எழுதிய ஜோஸ்யரைக் கூண்டில் ஏற்றாமல் ஜாதகத்தை எப்படி ஏற்பது என்ற கேள்வி நியாயமானது. 2009-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், சட்டப்படி பராமரிக்கப்படும் பிறப்புப் பதிவேடு பள்ளிப் பதிவை விட மேலானது என்றது.

அப்படியானால் பெரியப்பா ஏன் தோற்றார்? தேதி சரியா என்பதற்கு முன்னால், கேட்ட நேரம் சரியா என்று பார்ப்பார்கள். 1979-ல் திருத்திய மத்திய அரசு விதிப்படி, உத்தியோகத்தில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் பிறந்த தேதித் திருத்தம் கேட்க வேண்டும். 1993 பிப்ரவரியில் ஹர்நாம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிப்படுத்தியது: சர்வீஸ் முழுவதும் சும்மா இருந்துவிட்டு ஓய்வு நெருங்கும்போது விழித்துக்கொள்கிறவருக்கு இடமில்லை. பெரியப்பா நியாயமாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய அதே மாதம் அந்தத் தீர்ப்பு வந்தது. பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். ராணுவத் தளபதியாக இருந்த வி.கே. சிங் விஷயமும் இதே ஜாதிதான். மெட்ரிகுலேஷன் சர்டிபிகேட்டில் 10-5-1951. ராணுவ அகாடமிக்குப் பையனாக விண்ணப்பித்த பாரத்தில் 1950. தேசத்தின் சேனாதிபதியே 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் படியேறி, மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, அந்த மே மாதம் ஓய்வு பெற்றார். சின்ன வயதில் ஒரு பாரத்தில் எழுதியது எத்தனை தூரம் துரத்தும் பாருங்கள்.

இனி 1969 சட்டத்தில் திருத்தம் எப்படி என்று பார்ப்போம். அதன் 15-வது பிரிவு, 1886-ன் மார்ஜின் விதியை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. எழுத்துப் பிழை, கைத்தவறு போன்றவை என்றால் ரிஜிஸ்திரார் தாமே விசாரித்துத் திருத்தலாம். விஷயத்திலேயே பிழை என்றால், உண்மை விவரம் அறிந்த, நம்பத் தகுந்த இரண்டு பேர் எழுத்து மூலம் வாக்குமூலம் தர வேண்டும். கோர்ட் உத்தரவு கொண்டு வா என்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். சட்டம் இந்த அதிகாரத்தை ரிஜிஸ்திராருக்கே கொடுத்திருக்கிறது என்று பல உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதை மரியாதையாக எடுத்துக்காட்டலாம். காலியாக உள்ள பெயர்க் கலத்தை நிரப்புவது திருத்தம் அல்ல; அது 14-வது பிரிவின் கீழ் வருவது. பதிவான 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லை. பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு செய்யலாம். பழைய பதிவுகளுக்குப் பல மாநிலங்கள் இந்தக் கெடுவை அவ்வப்போது நீட்டித்திருக்கின்றன. பிற்காலத்தில் கெஜட்டில் பெயர் மாற்றிக்கொண்டதும், கல்யாணமானபின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டதும் வேறு விஷயம். அவை பிறந்த அன்று நடந்த பிழை அல்லவே!

இரண்டு சாட்சிகள் என்பது கேட்க எளிது. எழுபது வயதுக்காரருக்குப் பிறப்பைப் பற்றித் தெரிந்த சாட்சி யார் உயிரோடு இருக்கிறார்?

மரணச் சான்றிதழில் பிழை வேறு மாதிரி நுழைகிறது. இங்கே நான் என் குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். பெரியப்பா 2011-ல் ஒரு வட இந்திய நகரத்தில், பிள்ளை வீட்டில் காலமானார். பிள்ளை கர்மாவில் இருந்ததால் மயான ஆபீஸ் ஜன்னலில் விவரம் கொடுக்கப் போனது நான். பெரிய நகரங்களில் அந்தச் சீட்டுதான் பின்னால் பதிவுக்கு ஆதாரமாகிறது. "இறந்தவரின் தகப்பனார் பெயர்?" என்று கேட்டார்கள். பத்து நிமிஷம் முன்னால்தான் வாத்யார் கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தேன். அந்த சர்மாவே நாக்கில் நின்றது. தாத்தா பள்ளிக்கூடத்திலும் பத்திரங்களிலும் வேறு பெயரில் இருந்தவர். சர்மா பெயர் தர்ப்பணத்துக்கு மட்டும். நான் சொன்ன சர்மா பெயர் சர்டிபிகேட்டில் ஏறிவிட்டது. ஊரில் இருந்த பூர்வீக வீட்டுப் பங்கைப் பெரியம்மா பெயருக்கு மாற்றப் போனபோது, "இவர் வேறு யாரோ" என்று நிறுத்திவிட்டார்கள். கண் சரியாகத் தெரியாத பெரியம்மா எட்டு மாதம், என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் பேப்பர் வந்துதாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திருத்தத்துக்கு என்ன ஆதாரம் தருவது? நான் புத்திசாலித்தனமாக 1935 பதிவேட்டின் நகலை வரவழைத்தேன். அதில் தாத்தாவின் சரியான பெயர், விலாசம் எல்லாம் இருந்தன. ஆனால் குழந்தை பெயர்க் கலம் காலி! "இது எந்தப் பையன்?" என்றார் ரிஜிஸ்திரார். சர்வீஸ் புத்தகத்தைக் காட்டினேன். அதில் பிறந்த வருஷம் 1934. "இரண்டும் ஒரே ஆள் இல்லையே" என்றார். கடைசியில் நல்ல மனிதர், அவரே யோசனை சொன்னார்: பிறப்பு நகலை எடுத்துவிடுங்கள், சர்வீஸ் புத்தகத்தையும் பென்ஷன் ஆர்டரையும் மட்டும் வையுங்கள். ஒன்பது மாதச் சம்பளத்தைத் தின்ற புத்தகம் அன்று எங்களுக்குச் சாட்சி சொல்லிற்று. எழுபத்தி நாலு வயது அத்தை ஒரு வாக்குமூலமும், சஷ்டியப்தபூர்த்தியில் கேள்வி கேட்ட அந்த ஆபீஸ் சிநேகிதர் இன்னொன்றும் கொடுத்தார்கள்.

மரணப் பதிவில் இன்னொரு பகுதி உண்டு; சாவின் காரணம். பதிவேட்டில் எழுதினாலும், சர்டிபிகேட் நகலில் அதை வெளியிடக் கூடாது என்று 17-வது பிரிவு சொல்கிறது. 2021 வரை இது யாருக்கும் உறுத்தவில்லை. கொரோனாவில் போனவர்களுடைய குடும்பங்களுக்கு நிவாரணம் என்ற பேச்சு வந்ததும், காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதே பிரச்சினையாயிற்று. 30-6-2021 அன்று சுப்ரீம் கோர்ட், காரணத்தைக் குறிப்பிட்டு ஆவணம் தரவும், அதைத் திருத்திக்கொள்ளவும் எளிய வழி செய்ய வேண்டும் என்றது. செப்டம்பரில் வந்த வழிமுறைகளின்படி, பரிசோதனையில் நோய் உறுதியான 30 நாளுக்குள் நேர்ந்த மரணங்கள் கொரோனா மரணமாகக் கருதப்பட்டன, குறை உள்ளவர்கள் மாவட்டக் கமிட்டியிடம் போகலாம், நிவாரணம் ரூ. 50,000. 1918-ல் "காய்ச்சல்" என்று எழுதிப் போனதைக் கேட்க யாருக்கும் வழியில்லை. நூறு வருஷம் கழித்து அதே கலத்தைத் திருத்தக் குடும்பங்கள் வரிசையில் நின்றன.

சட்டமும் மாறிவிட்டது. 26-1-1989-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் என்றிருந்த கட்டாயத்தை 2016 டிசம்பரில் தளர்த்தினார்கள். 2023-ல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 1-10-2023 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், உத்தியோகம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்த ஒரே சான்றிதழ் என்று ஆக்கிவிட்டார்கள். பேரன் பேத்திகளுக்கு மூன்று தேதி இருக்காது. ஒன்றே இருக்கும், அது தப்பாக இருந்தால் எல்லாமே தப்பாக இருக்கும். பதினோராம் நாள் பெயர் வைத்த கையோடு, ஆஸ்பத்திரி அனுப்பிய விவரத்தில் தகப்பனார் இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறார்களா, தாயார் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று யாராவது ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. பதிவுக்கு 21 நாள் கெடு இருக்கிறது.

பெரியப்பா கேஸில் திருத்தம் ஆன அன்று ரிஜிஸ்திரார் புத்தகத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். நான் ஜன்னலில் சொன்ன சர்மா பெயர் அப்படியே இருந்தது. பக்கத்து மார்ஜினில் தாத்தாவின் ஆபீஸ் பெயர், கையெழுத்து, தேதி. புது சர்டிபிகேட்டைப் பெரியம்மாவிடம் கொடுத்தபோது, தடவிப் பார்த்துவிட்டு, "மாமனார் பேரைச் சரியாப் போட்டிருக்காளா? படி" என்றார். படித்தேன். ஆயுளில் ஒரு தடவைகூட வாயால் சொல்லாத அந்தப் பெயரை அன்றும் அவர் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.